கணக்கு வாத்தியார் என்னைப் பார்க்க வந்த விவரம்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கண்ணாடிக்குப் புது லென்ஸ் போட்டாயிற்று என்று அம்மா சொன்னாள். அந்தத் தைரியத்தில் எழுத்தைக் கொஞ்சம் பொடியாகவே எழுதுகிறேன், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நான் நலம். இந்த வார்த்தையை நம்ப நம் வீட்டில் இப்போது யாரும் தயாராக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்று கேள்விகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தீர்கள். அந்த ஆள் யார், அவருக்குக் குடும்பம் இருக்கிறதா, நட்டநடுப் பகலில் ஜன்னல் வழியாக அவரிடம் நான் எதற்குக் கத்தினேன். அடிக்கோடிடாத நான்காவது கேள்வி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சாப்பிடுகிறேன். அப்பா என்னிடம் நேராகக் கேட்காமல் உங்களை எழுதச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட விஷயம் உங்கள் பார்வைக்கு வந்த பிறகுதானே பிளம்பருக்குப் போகும்?

நடந்தது இதுதான். அடுத்த மாதம் வார்டு தேர்தல். போன சட்டசபைத் தேர்தலுக்கு நீங்கள்தான் என்னைக் கையோடு கூட்டிப்போய் முதல் ஓட்டைப் போட வைத்தீர்கள். நம் ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இப்போது இல்லை. பட்டியல் சரிபார்க்க ஒரு அம்மாள் நம் வீட்டுக்கு வந்து, "இந்தப் பேர்ல இருக்கிறவங்க இங்கதானே இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா அவரை உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்து, "அவ எதுக்கு இங்க இருக்கா? எவ்வளவு பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சுப் போயிருக்கா! லீவுக்குக்கூட வர்றதில்ல, அவ்வளவு படிப்பு" என்று சொல்லி, என் மதிப்பெண் பட்டியலையும் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் டீயைக் குடித்து, மதிப்பெண்ணைப் பாராட்டி, என் பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டார். போனில் இதைச் சொன்னபோது அம்மாவின் குரலில் அப்படி ஒரு பெருமை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, வருடத்தில் பத்து மாதம் இருக்கிற இடத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம், சட்டமும் அதை அனுமதிக்கிறது என்று என் அறைத்தோழி சொன்னாள். அவள் சட்டம் படிக்கிறாள், விடுதி முழுவதும் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர். இரண்டு பேரும் விண்ணப்பத்தோடு வார்டு அலுவலகத்துக்குப் போனோம். எங்களோடு இன்னும் முப்பத்தைந்து பேர் விண்ணப்பம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே கதவு எண்ணுல முப்பத்தேழு பொம்பளைங்களா?" என்றார். விடுதி சார் என்றேன். "அது சரிம்மா, வீடு எது?" என்றார். விடுதிதான் எங்கள் வீடு என்று நான் சொன்னது எனக்கே கொஞ்சம் வசனம் மாதிரி இருந்தது. அவர் அசையவில்லை. குடியிருப்புச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் நேரில் வந்து எங்களைப் பார்க்க வேண்டும், மூன்று முறை வருவார், மூன்று முறையும் ஆள் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி என்றார்.

சான்றுக்காக வார்டன் அம்மாவிடம் போனோம். வங்கிக்கு வேண்டுமானால் தருகிறேன், சிம் கார்டுக்கு வேண்டுமானால் தருகிறேன், ஓட்டுக்குத் தரமாட்டேன் என்றார். ஏன் மேடம் என்று வக்கீல் கேட்டாள். "நீங்க இங்க தங்கியிருக்கீங்க. குடியிருக்கல. குடியிருக்கிறீங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் காலி பண்ணச் சொன்னா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. அதுவும் நீ போவ" என்று வக்கீலைக் கைகாட்டினார். அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனாலும் சான்று கிடைக்கவில்லை.

ஆக மிச்சமிருந்தது சரிபார்ப்பவர். நீங்கள் கேட்கும் ஆள் அவர்தான். அவர் தொழில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துவது. தேர்தல் வந்தால் இந்த வேலையும் அவர் தலையில் விழும். அவருக்கு வகுப்பு இல்லாத நேரம் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. எங்கள் விடுதியின் சட்டம் என்னவென்றால், யாரும் வகுப்புக்கு மட்டம் போடாமலிருக்க, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை கட்டிடத்தையே பூட்டிவிடுவார்கள். எனவே அவர் முதல் முறை பதினொன்றே காலுக்கு வந்து, இங்கே பெண்கள் குடியிருக்கிறார்களா என்று கேட்க, வாட்ச்மேன் பூட்டைத் தொட்டுக் காட்டி, "ஒரு ஈ காக்கா இல்ல சார்" என்று சத்தியம் செய்திருக்கிறார். வாத்தியார் முப்பத்தேழு பெயருக்கு நேராகவும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வந்தால் நாங்கள் வகுப்பில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள் அண்ணா என்று வாட்ச்மேனிடம் கெஞ்சிவிட்டுப் போனோம். அவரும் சொல்லியிருக்கிறார். எப்படி? "எல்லாரும் காலையிலயே கிளம்பிப் போயிட்டாங்க சார். எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது, என் பொறுப்பு கேட்டு வரைக்கும்தான்." இரண்டாவது 'இல்லை' விழுந்தது. இப்படியாக நான் நம் வீட்டில் இல்லை என்று ஒரு அரசாங்கத் தாளும், விடுதியில் இல்லை என்று இன்னொரு அரசாங்கத் தாளும் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அதுதான் கடைசி. வகுப்பு நேரத்தில் விடுதி வாசலில் நின்று ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால், அவர் பெயர் பார்வையாளர் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அப்பாவைக் கூப்பிட்டேன். கேன்டீன் இரைச்சலில் நின்று பேசியது என் தப்பு. பேச்சு இப்படிப் போயிற்று:

"அப்பா, விசிட்டர் லிஸ்ட்ல ஒருத்தர் பேரைச் சேக்கணும்."

"யாரும்மா?"

"ஒரு கணக்கு வாத்தியார். ரெண்டு தடவை தேடி வந்துட்டாருப்பா, பாவம், ஏமாந்து ஏமாந்து திரும்பிப் போறார்."

"என்ன வயசு?"

"அம்பத்தஞ்சு இருக்கும்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியை அப்பா அணைப்பது கேட்டது. பிறகு, "கல்யாணம் ஆனவரா?"

"தெரியலப்பா. ஃபார்ம்ல அந்தக் கேள்வி இல்ல."

"எதுக்கு உன்னைப் பாக்கணுமாம்?"

"ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும்ப்பா. அப்புறம் வரவே மாட்டார்."

அப்பா போனை வைத்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை பெரியப்பா. மொத்தமாகச் சேர்த்துக் கேட்டால் எனக்கே பகீரென்றுதான் இருக்கிறது.

இனி ஜன்னல். விடுதியில் வகுப்பு நேரத்தில் திறந்திருக்கும் ஒரே அறை, உடம்பு சரியில்லாதவர்களைப் படுக்கவைக்கும் சிக் ரூம். முதல் மாடி, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், ஆறு கட்டில். செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வயிற்றுவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு அங்கே போனேன். இந்த யோசனை எனக்கு மட்டும்தான் தோன்றியது என்று நினைத்திருந்தேன். உள்ளே ஏற்கெனவே முப்பத்துநான்கு பேருக்கு வயிற்றுவலி. வக்கீல் மட்டும் வித்தியாசமாக இருக்கட்டும் என்று காதுவலி எழுதியிருந்தாள். முந்தின நாள் மெஸ்ஸில் எதையோ தப்பாகச் சமைத்துவிட்டோம் என்று சமையல் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றார். உங்கள் சமையலில் ஒரு தப்பும் இல்லை அக்கா என்று அவர் காதில் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதினொன்றே காலுக்கு வாத்தியார் வந்தார். கையில் குடை, கக்கத்தில் பட்டியல். வாட்ச்மேன் பூட்டைத் தொடுவதற்குள் நான்தான் முதலில் கத்தினேன். "சார், மேல பாருங்க! நாங்க இங்கதான் குடியிருக்கோம்!" தெருவே நிமிர்ந்து பார்த்தது. வாத்தியார் குடையைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஜன்னல் நிறையத் தலைகளைப் பார்த்தார்.  மாடி ஜன்னலில் பார்த்தது நேரில் பார்த்ததாகுமா ஆகாதா என்று எந்த விதியிலும் இல்லை, வக்கீலே சொன்னாள். அவரும் யோசித்திருப்பார் போல. பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் பிரச்சினையைத் தீர்த்தார். "சத்தம் போடாதீங்க. பேரை வாசிக்கறேன்" என்று பட்டியலை விரித்தார்.

நடுத்தெருவில் நின்று அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, மேலேயிருந்து ஒவ்வொருத்தியாக "உள்ளேன் ஐயா" என்றோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே அப்படித்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் அரைத் தூக்கத்தில் ஆயிரம் முறை சொன்ன வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது போல் இருந்தது. இருபத்தொன்றாவது பெயருக்கு வக்கீல், வராத ஒரு தோழிக்காக இன்னொரு தடவை "உள்ளேன் ஐயா" என்றாள். வாத்தியார் பேனாவை நிறுத்தினார். "இந்தக் குரல் ஏற்கெனவே வந்துடுச்சு. முப்பது வருஷமா இதைக் கேட்டுட்டிருக்கேன்மா, என்கிட்டயேவா?" ஒருத்திக்கு 'இல்லை', முப்பத்தாறு பேருக்கு 'உள்ளார்'.

இதற்குள் வார்டன் அம்மா சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். "இங்க யாரும் குடியிருக்கலன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவரையும் எங்களையும் சேர்த்துத் திட்டினார். வாத்தியார் சலனமில்லாமல், "நீங்கம்மா? நீங்க எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டார். "நானா? நான் பத்தொன்பது வருஷமா இங்கதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "பட்டியல்ல உங்க பேர் இல்லையே" என்றார் வாத்தியார், ஒரு புது விண்ணப்பத்தை நீட்டியபடி. வார்டன் அம்மா அதை அங்கேயே, சுவரில் வைத்து நிரப்பினார். பிறகு அலுவலகத்துக்குப் போய், 'உங்கள் மகள் வகுப்பு நேரத்தில் ஜன்னல் வழியாக வெளி ஆணிடம் உரத்த குரலில் பேசினார்' என்று முப்பத்தாறு அப்பாக்களுக்குக் கடிதம் அடித்தார். கடமை வேறு, விண்ணப்பம் வேறு. அப்பாவுக்கு வந்தது அதில் ஒன்று. தயவுசெய்து அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த வாத்தியாருக்குக் குடும்பம் இருக்கிறதா என்பது இன்னமும் எனக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் வாய்ப்பில்லை. இன்று பட்டியல் ஒட்டுகிறார்கள். பெயர் இருந்தால் தேர்தலன்று காலை போய் ஓட்டுப் போட்டுவிட்டு அறைக்கு வந்து புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். கூட்டம், கோஷம், சுவரொட்டி எதற்கும் போகமாட்டேன். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை என்று உங்களுக்கே தெரியும். நாலு பேர் எதிரில் நின்று பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓட்டு ஒன்றுதான் எனக்கு வேண்டியது. அதற்கு மேல் எந்த வம்பும் என்னால் வராது என்று அப்பாவுக்கு என் சார்பில் வாக்குக் கொடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்,

உங்கள் தம்பி மகள்

பி.கு.: மேலே உள்ளதை எழுதிவிட்டு வார்டு அலுவலகம் போய் வந்தேன். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வார்டன் அம்மா பெயரும் இருக்கிறது, எனக்கு அடுத்த வரியில். பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள்: இந்த வார்டில் இதுவரை ஒரே ஒருவர்தான் மனு தாக்கல் செய்திருக்கிறாராம். நாளை மூன்று மணிக்குள் வேறு யாரும் வராவிட்டால் அவர் போட்டியின்றித் தேர்வு, வாக்குப்பதிவே கிடையாது. இதை மூன்று முறை படித்தேன். கவுண்டர்காரரிடம், அப்படியானால் எங்கள் ஓட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது பத்திரமா இருக்கும்மா" என்றார். நான் ஓட்டுப் போட வேண்டும் பெரியப்பா. அதற்குத் தேர்தல் நடக்க வேண்டும். அதற்கு இன்னொரு வேட்பாளர் வேண்டும். வார்டில் பெயர் இருந்து, இருபத்தொரு வயது முடிந்து, பத்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் போதுமாம். எனக்குப் போன மாதம்தான் இருபத்தொன்று முடிந்தது. சிக் ரூமில் பத்துக் கையெழுத்து வாங்க நான்கு நிமிடம் ஆயிற்று. முதல் கையெழுத்து வார்டன் அம்மாவுடையது. நீங்கள் இந்த வார்டில் இல்லாததால் உங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் பக்குவமாகப் பேசிவிடுங்கள்.