பலகையை மறைத்து நிற்பவர்

கோயில் தலவரலாறோ, ரயில் நேரமோ, பல் ஆஸ்பத்திரியின் கட்டண விவரமோ, எங்கே ஒரு பலகை இருக்கிறதோ அங்கே அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, அதில் எழுதியிருப்பதையே நமக்கு எடுத்துச் சொல்லும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். பலகையைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த இனத்துக்கு நாட்டில் எங்கேயும் பஞ்சமில்லை; ஆம்பூர்ப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி என்பது யோகலட்சுமியின் கருத்து. அதில் ஒருவரைக் கட்டிக்கொண்டவள். கருத்துச் சொல்ல உரிமை உண்டு.

அவள் கணவர் கங்காதரன் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதனூருக்கு அந்தப் பக்கம் காக்காமலையைச் சுற்றி, கைவிட்ட கல் குவாரிகளின் ஓரமாக வட்டமாய் ஒரு நடைபாதை போட்டு, எரிமலைக் குழம்பு எப்படிக் கருங்கல் ஆனது, கருங்கல் எப்படி லாரி ஏறியது என்று வரிசையாகப் பலகைகளும் நட்டார்களோ இல்லையோ, மனுஷனுக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களை, காபி ஆறுவதற்குள் மலைக்குக் கிளப்புவார். பாறையைக் கண்டால் ஆட்டுத்தோலைத் தடவுவதுபோலக் கட்டைவிரலால் தடவி, "கிரெயின் பாருங்க, இன்னா டைட்டு!" என்பார். யாராவது சந்தேகம் கேட்டால் "நல்ல கேள்வி" என்பார். பதில் வராது. அடுத்த பாறை வரும்.

மகளைப் பெண் பார்க்கவும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார் என்றால் ஆச்சரியப்படுவீர்களா?

வாலாஜாபேட்டையிலிருந்து சாவித்திரியம்மாவும் மகன் கார்முகிலனும் வந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி வேண்டாம், நடந்துகொண்டே பேசட்டும் என்று ஏற்பாடு. மகள் தீபலட்சுமிக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணமானால் வேலூர் லேப் வேலையை விடச் சொல்வானா? அதை அவனிடமே, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் தனிமை வேண்டும். கங்காதரன் இருக்கும் இடத்தில் அடுத்தவர் தும்மக்கூட நேரம் கிடைக்காது என்பதுதான் யோகலட்சுமியின் கவலை.

வழியைச் சாவித்திரியம்மாவே திறந்துவிட்டாள். பாதை தொடங்கும் இடத்தில் அம்புக்குறியைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"மலை சோத்துக்கைப் பக்கமில்ல வரணும்? நல்ல காரியம் பேச வந்துட்டு எடமா சுத்துவாங்களாங்க?"

"அம்மா, இது சாமி மலை இல்ல. பாதி மலைய குவாரிக்காரன் ஏத்திகினு போய்ட்டான்," என்றார் கங்காதரன்.

"மிச்சம் பாதி இருக்குதில்ல?"

"அந்தப் பக்கமா போனா மொதல்ல லாரி வரும், அப்பறம்தான் எரிமலை வெடிக்கும்! இன்னா நியாயம் இது?"

"நீங்க அம்பு வழியா போங்க," என்றாள் யோகலட்சுமி. "நாங்க வலமா வர்றோம். நடுவுல பாத்துக்கலாம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேரும் நடந்துவிட்டார்கள். அவருக்காகப் பரிதாபப்பட வேண்டாம். முதல் பலகையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்காகப் பரிதாபப்படுங்கள்.

இந்தப் பக்கம், முட்டிவலி என்று சொல்லி இரண்டு அம்மாக்களும் பின்தங்கினார்கள். பிள்ளைகள் முன்னால் போனார்கள். மழைத்தண்ணீர் தேங்கிய குவாரிக் குழி ஓரம், வெட்டிப்போட்ட கற்களுக்கு நடுவே, மகள் ஏதோ கேட்கத் தலைதிருப்புவது தெரிந்தது. 'கேளுடி என் தங்கமே' என்று யோகலட்சுமி மனசுக்குள் சொன்னாள். வழியில் ஒரு பலகை வந்தது. கார்முகிலன் நின்றான். திரும்பினான். பலகைக்கு முதுகைக் கொடுத்தான். மலையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

யோகலட்சுமிக்கு நிஜமாகவே முட்டி வலித்தது.

பாதி வழியில் இரண்டு கட்சியும் சந்தித்தன. எரிமலைக் குழம்பைப் பற்றிக் கங்காதரன் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"அங்கிள், டெக்னிக்கலா பார்த்தா இது எரிமலையே இல்ல. குழம்பு வெளிய வரவே இல்ல. விரிசலுக்குள்ளயே உறைஞ்சிடுச்சு."

கங்காதரன் முகத்தில் முதலில் அதிர்ச்சி தெரிந்தது; பிறகு ஒரு மாமனாரின் களை வந்துவிட்டது. "அப்டியா தம்பி? இப்டி வாங்க, ஒண்ணு காட்றேன்." இருவரும் ஒரு பாறையின் இரண்டு பக்கமும் குந்தி, ஆளுக்கொரு கட்டைவிரலால் தடவினார்கள்.

தீபலட்சுமி அம்மாவிடம் வந்தாள்.

"கேட்டியாடி?"

"கேட்டேன். 'நல்ல கேள்வி, மொதல்ல இந்தக் கல்ல பாருங்க'ன்னாரு."

"பார்த்தியா?"

"பார்த்தேன். கறுப்பா இருந்துது. மறுபடியும் கேட்டேன். பக்கத்துக் கல்லக் காட்டினாரு. வேணாம்மா."

"பையன் தங்கம், யோகா!" என்று பாறையருகிலிருந்து குரல் வந்தது. "எனக்கு சரிக்குச் சரி பேச இப்பதான் ஒரு ஆளு கிடைச்சிருக்குது!"

யோகலட்சுமி சாவித்திரியம்மா பக்கம் திரும்பினாள். எப்படிச் சொல்வது? நேராகவே சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பொண்ணுக்கு ஒத்துவராதுங்க. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

சாவித்திரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்மா. அவங்கப்பாவும் இப்டித்தான். பொண்ணு வாய்விட்டுக் கேட்டுதே, அதுவே பெருசு. நான் கேக்கவேயில்ல."

சம்பந்தம் முறிந்த செய்தி பாறையருகே இருந்தவர்களுக்கு எட்டவில்லை. மூன்று பெண்களும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனபிறகும் அவர்கள் இன்னொரு சுற்றுக் கிளம்பினார்கள். ஒருவர் அம்பு வழியில், ஒருவர் எதிர்வழியில், எது சரியான வரிசை என்று நிரூபிக்க.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்திருக்கலாம். ஆனால் நடுவில் எங்கோ, 'குழம்பு உள்ளேயே உறைந்தால் அதற்குப் பெயர் வேறாயிற்றே' என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா? எடுத்திருந்தால், சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: அவர் சற்றுமுன் உங்களிடம் ஏதோ கேட்டாரே, அது என்ன?