தவிட்டான் ஊதிய ஜாஸ்

அம்பாறைக் கரையோரத்தில் நெல் குற்றும் ஆலைக்குப் போய் ஜாஸ் இசை பயின்ற மனிதன், உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒருவன்தான். அவன் தவிட்டான். இயற்பெயர் விடுதிப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவனை ஆலைக்குத் துரத்திய குற்றவாளி நான். கல்முனையில் எங்கள் மாணவர் விடுதிக்கு அப்போது நலன்புரிச் செயலாளராக இருந்தேன். கொழும்பில் மாணவர் ஜாஸ் கச்சேரி ஒன்றுக்கு ஆள் தெரிவு நடக்கவிருந்தது. அதற்காக, தன் மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த சாக்சபோனை அவன் அறைக்குள் ஊதத் தொடங்கினான். முதல் நாளே அயல்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கலைச் சுதந்திரத்தையும் பரீட்சை எழுதுவோரின் உரிமையையும் ஒரு கிழமை நிறுத்துப் பார்த்து, தடையுத்தரவில் கையெழுத்திட்டேன்.

"சரி மச்சான், ஒருத்தருக்கும் கேக்காத இடமாப் பாக்கிறன்," என்றான். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையைக் கண்டுபிடித்தான். அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. மாலைதோறும் தலைமுதல் கால்வரை தவிடு பூசிக்கொண்டு திரும்புவான். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஆலைக்காரரான ஹாஜியார் ஒருநாள் என்னைச் சந்தையில் மறித்தார். "தம்பி, உங்கட கூட்டாளி ஊதுறது எனக்கு ஒண்டும் கேக்கல்ல. ஆனா மெசின் நிண்டாக் கத்துறான், 'ஹாஜியார், தாளம் போச்சு' எண்டு!"

நான் சிரித்துவிட்டு வந்தேன். யோசித்திருக்க வேண்டும்.

தெரிவு நாளன்று துணைக்குப் போனேன். கம்பளம் விரித்த, குளிரூட்டிய அறை. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தவிட்டான் சாக்சபோனை வாயில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"என்னடா?"

"மெசின் இல்லாம எங்க தொடங்கிறதெண்டு தெரியல்லடா, மச்சான்."

அவனுடைய ஒரு மாத உழைப்பு என் ஒரு கையெழுத்தால் பாழாகப் போகிறது. நிறுத்துப் பார்க்க நேரமில்லை. அருகிலிருந்த மேசையில் இரு கைகளாலும் அடித்தேன்: டக்கடக் டும், டக்கடக் டும். உமி பறக்கும் சீறலையும் வாயால் சேர்த்துக்கொண்டேன். நடுவர்கள் மூவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள், தவிட்டான் கண்களை மூடி ஊதத் தொடங்கிவிட்டான். அன்றுதான் அவன் ஊதுவதை முழுதாகக் கேட்டேன். ஆடு அவசரப்பட்டுவிட்டது.

தெரிவான செய்தி வந்த மறுநாளும் அவன் சாக்சபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

"எங்கடா போறாய்?"

"மில்லுக்கு. உனக்கு நாளைக்குச் சோதினை இருக்குதானே."

"ஓம், இருக்கு. இங்கயே ஊது," என்றேன், மேசையிலிருந்த புத்தகங்களை ஒதுக்கிக்கொண்டே.