கரடி வளர்த்த உண்ணி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதன் இடது காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி இருந்தது. கரடிக்கு உண்ணி இருப்பதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்கள் வீட்டில் நாய், பூனை எதுவும் இல்லை என்று அர்த்தம். மற்றவர்கள் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

கரடியின் பெயர் வெள்ளைச்சாமி. நல்ல கருப்பு. பிள்ளைகள் வளர்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன, பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. தேன், கரையான், இலுப்பைப்பூ என்று தானுண்டு தன் வயிறுண்டு என்று அது காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. உடம்பில் உண்ணி ஏறினால் ஒரு உண்ணிக்கொக்கு வந்து முதுகில் உட்காரும், கொத்தித் தின்னும், பறந்துவிடும். கரடிக்கு அரிப்பு தீர்ந்தது, கொக்குக்குப் பசி தீர்ந்தது. யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் என்ன குறை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குறையைக் கண்டுபிடித்தது கொக்குதான். ஒரு கோடையில் ஏரி வற்றிப்போக, அது பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போனது. அங்கே ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையின் மதில்மேல் தங்கியது. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர்கள், வெளியே வரும்போது நாயைவிட மோசமான முகத்தோடு வருவதைப் பார்த்தது. காய்கறிக்காரியிடம் கொத்தமல்லிக்காகக் கத்துகிற ஆட்கள் இங்கே வாயைத் திறக்காமல் காசை நீட்டுவதையும் பார்த்தது. பிரியம் இருக்கிற இடத்தில் பேரம் இருக்காது என்பது அதற்குப் புரிந்துவிட்டது. மழை வந்ததும் காட்டுக்குத் திரும்பி, நாவல் மரத்தடியில் ஒரு பலகையை மாட்டியது: 'டாக்டர் தூயமணி செல்லப்பிராணி நல மையம்.'

காட்டில் யாரிடமும் செல்லப்பிராணி கிடையாது. கடையைத் திறந்துவிட்டு இதற்கெல்லாம் கவலைப்பட முடியுமா? டாக்டர் தூயமணி புதர் புதராகப் போய் விழிப்புணர்வு ஏற்படுத்தத் தொடங்கியது.

"வெள்ளைச்சாமி சார், இத்தனை நாளா இதைப் போய்ப் பூச்சின்னு நினைச்சு எனக்குத் தின்னக் கொடுத்தீங்களே. நானும் தின்னேனே. இந்தப் பாவம் எந்த ஆத்துல முழுகினாலும் போகாது" என்று கரடியின் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நல்லாப் பாருங்க. ராப்பகலா உங்களைவிட்டு நகராத உயிர். நீங்க எங்க போனாலும் கூடவே வருது. நீங்க பெத்த பிள்ளைங்க வருதா?"

கரடி நேரே குளத்துக்குப் போனது. குளத்தங்கரையில் குனிந்து, காதை மடித்துத் தண்ணீரில் பார்த்தது. வயிறு முட்டக் குடித்திருந்த உண்ணி, உருண்டையாகச் சிவந்து பவளமணி மாதிரி இருந்தது. அங்கேயே அதற்குப் பவளம் என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்தாயிற்று என்றால் அப்புறம் தப்பிக்க முடியாது. பெயரில்லாத உண்ணியைச் சேற்றில் தேய்த்துவிடலாம், பவளத்தைத் தேய்க்க யாருக்கு மனசு வரும்?

டாக்டர் கட்டணத்தைத் தேனடையாக வாங்கியது. கொக்கு எங்கே தேன் குடிக்கிறது? வாங்கிய அடைகளை மையத்தின் பின்பக்கம் குவித்துவைத்தது. அதில் ஈ மொய்த்தது. ஈயைக் கொக்கு தின்றது. முன்பெல்லாம் மாட்டின் பின்னால் நாள் முழுக்க நடந்து தேடிய சாப்பாடு, இப்போது உட்கார்ந்த இடத்துக்கே வந்தது.

பவளத்துக்குத் தடுப்பூசி போட்டார்கள். குடல்புழு மருந்து கொடுத்தார்கள். குளிர்காலத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை வாங்க வைத்தார்கள். 'பல் சுத்தம்' என்று ஒன்று செய்தார்கள். உண்ணிக்குப் பல் உண்டா என்று கரடி கேட்கவில்லை, கேட்டால் பிரியம் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். இதற்கெல்லாம் கொடுக்க, முதலில் சாயங்காலத் தேனை நிறுத்தியது. பிறகு காலைத் தேனையும் நிறுத்தியது. பிறகு கரையான் புற்றைத் தோண்டவும் கையில் தெம்பு இல்லாமல் போனது.

ஒருநாள் குளத்தில் காதை மடித்துப் பார்த்தால், பவளம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. கரடி நடுங்கிப்போனது. அப்படியே மையத்துக்கு ஓடப் பார்த்து, நாலடி போவதற்குள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த வழியாக வந்த எருமை தெய்வானை பார்த்தது. "என்னண்ணே, தோல் தனியாத் தொங்குது?"

"பவளத்துக்கு முடியல தெய்வானை. நிறமே செத்துப்போச்சு."

"உனக்கு?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு கரடி இன்னொரு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டது.

"வாண்ணே, என்கூடச் சேத்துல இறங்கு. ரெண்டு புரளு புரண்டு எழுந்திரு. சீக்கும் போயிரும், சீக்காளியும் போயிரும்."

"நீயெல்லாம் ஒரு ஜென்மமா?" கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. "வாயில்லாத உயிரைப் பத்தி இப்படிப் பேச எப்படி மனசு வருது?"

தெய்வானை பெருமூச்சுவிட்டது. ஆனாலும் நல்ல மனசு. கரடியைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு மையத்துக்கு மெல்ல நடத்திப் போனது.

மையத்தில் நீண்ட வரிசை. டோக்கன் கொடுக்க ஒரு ஓணானை வைத்திருந்தார்கள். ஓணானுக்கு எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பழக்கம்.

"செலவு கம்மியாத்தானே இருக்கும்?" என்று தெய்வானை கேட்டது. ஓணான் தலையாட்டியது.

"இல்ல, ஜாஸ்தி ஆகுமா?" அதற்கும் தலையாட்டியது.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண்குரங்கு, உள்ளங்கையில் ஒரு பேனை வைத்துக்கொண்டு அழுதது. "என் ராஜாத்திங்க. தலையில துருதுருன்னு ஓடிக்கிட்டே இருப்பா. இப்ப ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கா." அதன் முறை வந்து உள்ளே போனது. டாக்டர் தொகையைச் சொல்லும் சத்தம் கேட்டது. குரங்கு வெளியே வரும்போது உள்ளங்கை காலியாக இருந்தது.

"அவ கஷ்டப்படுறதைப் பார்க்க முடியலைங்க" என்று அது வாயைத் துடைத்துக்கொண்டது. "அமைதியா அனுப்பிவெச்சுட்டேன்."

"என்னால அது முடியாது" என்று கரடி காதைப் பொத்திக்கொண்டது. அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது.

"பவளத்தோட அப்பா யாரு? உள்ள வாங்க!"

டாக்டர் தூயமணி பவளத்தைப் பக்குவமாக அலகு நுனியில் எடுத்தது. பழக்கதோஷம், அலகு ஒருமுறை உள்பக்கமாக இழுத்தது. தான் இப்போது டாக்டர் என்பது சட்டென்று நினைவுக்கு வர, இலைமேல் இறக்கி வைத்தது. சூரியனுக்கு நேரே இலையைப் பிடித்து ஸ்கேன் எடுத்தது. பிறகு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு, பவளத்தைக் கரடியின் காதுக்குப் பின்னால் திரும்ப விட்டது. அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

"இரத்தம் ரொம்ப நீர்த்துப்போயிருக்கு. கடுமையான இரத்தசோகை. சாப்பாடே இல்லாத உடம்பு மாதிரி இருக்கு."

"ஐயோ, என் பவளத்துக்கா!"

தெய்வானைக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், அது வயித்துல இருக்கிறது இவரு இரத்தம். பட்டினி கிடக்கிறதும் இவருதான்."

"ரிப்போர்ட்ல பேஷன்ட் பேரு பவளம்னு இருக்கும்மா" என்றது டாக்டர்.

"படிச்சவங்க சொல்றாங்க, நீ சும்மா இரு" என்றது கரடி.

டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தது. உண்ணி வேறெதுவும் குடிக்காது என்பதால், அதைக் கரடிதான் குடித்து இரத்தத்தின் வழியாகச் செலுத்த வேண்டும். கரடி தெய்வானையைப் பிடித்துக்கொண்டே போய், தன் மரத்தின் கடைசித் தேனடையைக் கொண்டுவந்து கொடுத்தது. ஓணான் அதைப் பின்பக்கம் கொண்டுபோய், அதிலிருந்து ஓர் இலைத்தொன்னை தேனை வடித்து, தண்ணீர் கலந்து, டானிக் என்று கொண்டுவந்து நீட்டியது.

"ஒரு சொட்டும் வீணாக்காதீங்க. மருந்து உங்களுக்கில்ல, அவளுக்கு" என்றது டாக்டர்.

கரடி ருசி பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. பிள்ளையின் மருந்தை ருசித்துக் குடிப்பது கேவலம் என்று நினைத்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் கரடிக்குக் கால் தள்ளாடாமல் நின்றது, கண் தெரிந்தது. பவளத்தின் வெளுப்பிலும் லேசாக ஒரு சிவப்பு ஓடியது.

"டாக்டர், உங்க கைராசி!" கரடி கொக்கின் காலில் விழுந்தது. தெய்வானை போய் நாவல் மரத்தில் தலையை முட்டிக்கொண்டது.

தன் மரத்தில் தேன் தீர்ந்த பிறகு, கரடி அடுத்த மரத்தில் ஏறியது. தேனீக்கள் கொட்டிய முகத்தோடு அடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அடை பெரிதாகிக்கொண்டும் தொன்னை சிறிதாகிக்கொண்டும் வந்தன. கடைசியாக ஒருநாள், தெய்வானையும் துணைக்கு வந்திருந்தபோது, டாக்டர் கரடியை உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தியது.

"மருந்துக்குக் கட்டுப்படல சார். உறிஞ்சுகுழல் மாற்று அறுவைச் சிகிச்சைதான் ஒரே வழி. இந்த மலையில இருக்கிற அத்தனை தேனும் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? செய்யுங்க" என்று சொல்லி எழுந்த கரடி, அப்படியே தடாலென்று விழுந்தது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே! அண்ணே!" தெய்வானை கத்தியது. "டாக்டர், இவரைப் பாருங்க!"

"நான் செல்லப்பிராணி டாக்டர்மா. வாடிக்கையாளரை எல்லாம் நான் பார்க்கிறதில்ல."

அப்போதுதான் காதுக்குப் பின்னாலிருந்து, இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசாத குரல் கணீரென்று கேட்டது.

"டாக்டர், என் கரடியைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் திடுக்கிட்டது. "உங்க கரடியா?"

"ஆமா, நான்தான் வளர்க்கிறேன்" என்றது பவளம். "ரொம்பச் சாது. யாரையும் கடிக்காது. இப்ப கொஞ்ச நாளாச் சரியாச் சாப்பிடறதில்ல. எங்க கூட்டிட்டுப் போனாலும் மூச்சு வாங்குது."

டாக்டரின் முகம் மாறியது. கரடியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் பார்த்தது. பிறகு பவளத்தின் பக்கம் மரியாதையாகத் திரும்பியது. "அட்மிட் பண்ணணும் மேடம். ட்ரிப்ஸ் ஏத்தணும். பெரிய உடம்பு, எல்லாமே பெரிய டோஸ்." பிறகு தொகையைச் சொன்னது.

"இதைவிடக் கம்மியா எதுவும் இல்லையா?" என்று பவளம் கேட்டது.

"மனசுவிட்டுச் சொல்றேன் மேடம். இந்த வயசான கரடிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்குப் புதுசா ஒண்ணு பார்த்துக்கலாம். எருமை நல்லாப் பழகும். பராமரிப்பும் கம்மி."

"பாவம், நல்ல பிராணி" என்றது பவளம். "ரொம்பக் கஷ்டப்பட விடக்கூடாது." சொல்லிவிட்டு, காதிலிருந்து இறங்கி, நெற்றியைத் தாண்டி, மூக்கின் மேல் வந்து சற்று நின்றது. அது பிரியத்தால் நின்றதா, இறங்க வழி தேடி நின்றதா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் தரையில் இறங்கி நடந்து, பக்கத்தில் நின்ற தெய்வானையின் காலில் ஏறிவிட்டது.

தெய்வானை பதறிப்போய்ச் சேற்றுக்குட்டையைப் பார்த்து ஓடத் திரும்பியது. டாக்டர் தூயமணி குறுக்கே பறந்துவந்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் யோசிங்க. இந்தக் காட்டுல எத்தனை விலங்கு இருக்கு. அவ உங்களைத் தேடி வந்திருக்கா."

தெய்வானை நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தது. "என்னைத் தேடியா?" என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தது. "சின்ன முகமா இருந்தாலும் லட்சணமாத்தான் இருக்கா" என்று சொல்லி, ஓணானிடம் வருடாந்திரத் திட்டம் பற்றி விசாரித்தது. ஓணான் தலையாட்டியது.

விழுந்து கிடந்த கரடியை என்ன செய்வது? வழியை அடைத்துக் கிடக்கிறது, அடுத்த டோக்கன் வர வேண்டும். ஓணானும் வரிசையில் நின்றவர்களுமாகச் சேர்ந்து உருட்டி, மையத்தின் பின்பக்கம் தள்ளினார்கள். அங்கே அதன் மூக்கு போய் இடித்த இடம், இத்தனை நாளாக அது கொடுத்த தேனடைகளின் குவியல்.

கரடிக்கு நினைவில்லை. ஆனால் மூக்குக்கு நினைவிருந்தது. நாக்கு நீண்டது. ஒரு அடை போனது, இன்னொன்று போனது, ஈக்களோடு சேர்ந்தே உள்ளே போனது. பொழுது சாய்வதற்குள் குவியல் முழுவதும் வயிற்றில் இருந்தது. கரடி எழுந்து உட்கார்ந்தது. ரோமம் மினுமினுத்தது, தோளில் பழைய பலம் ஏறியிருந்தது. பசி இல்லை, அரிப்பு இல்லை, காதுக்குப் பின்னால் கடிக்கிறவரும் இல்லை. இதைவிட நல்ல நிலைமை ஒரு கரடிக்கு வாய்க்காது. இங்கேயே கதையை முடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை.

கரடி காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தது. வெறும் தோல். ஓலமிட்டுக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்தது.

"டாக்டர்! என் பவளம் எங்க?"

டாக்டர் தூயமணி காலியான பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தது. ஈ ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தொழில் தெரிந்த கொக்கு.

"பவளம் பூரண குணம் சார். தானா எழுந்து, தானா நடந்து போனா."

"நடந்தாளா?" கரடிக்குக் கண்ணில் தண்ணீர் பொங்கியது. "என் பவளம் நடந்தாளா?"

"என் கண்ணால பார்த்தேன்."

கரடி அங்கேயே தரையில் உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதது. அந்த மடக் கரடியை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் கோபமாக வருகிறது, இன்னொரு பக்கம் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கூப்பியது.

"எவ்வளவு ஆச்சு டாக்டர்?"

நீதி: செலவைக் கேட்டதும் இறங்கிப் போகிறவர் உரிமையாளர்; கண் விழித்ததும் 'எவ்வளவு ஆச்சு?' என்று கேட்பது செல்லப்பிராணி.