உபாஸ் இருந்து ரத்தம் குடுத்த கதை

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பக்கத்துத் தெரு லேப்புக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வரணும்.

வயசு ஐம்பத்தொண்ணு. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டியாச்சு. அது போன இடத்துல எடை வந்து உட்கார்ந்துடுச்சு. பழைய பிளவுஸெல்லாம் முழங்கையைத் தாண்ட மாட்டேங்குது.

நாங்க இருக்குற புனே கோந்த்வாவுல எங்க டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதும் இடுப்புலயும் தொடையிலயும் இருந்த கொழுப்பு வயித்துக்குக் குடி மாறுமாம். தசை கரையுமாம். சும்மா இருக்கும்போது உடம்பு கலோரி எரிக்கிறதும் குறைஞ்சு போகுமாம். வயித்துல கொழுப்பு சேர்ந்தா இன்சுலின் பேச்சை உடம்பு சரியா கேக்காதாம். அதனால சர்க்கரையையும் தைராய்டையும் ஒரு தடவை பார்த்துடலாம்னாங்க.

எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுல ரெண்டு வருஷமா இதே வழக்குதான். எல்லாம் ஹார்மோன்னு நான் சொல்லுவேன். "ஹார்மோனுக்கு முறுக்கு டப்பா திறக்கத் தெரியுமா அம்மணி?"ன்னு என்ற வீட்டுக்காரர் கேப்பார்.

கடைசியில பந்தயமே கட்டிட்டோம். சர்க்கரை சரியா இருந்தா, அவர் ஆயுசுக்கும் என் தட்டைப் பார்க்கக் கூடாது. ஏறியிருந்தா, முறுக்கு டப்பா அவர் பீரோவுக்குள்ள போயிடும்.

முந்தின நாள் லேப்புலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, "உத்யா உபாஷி போட்டி யா"ன்னுச்சு.

கோயமுத்தூர்லேர்ந்து வந்து பன்னெண்டு வருஷமாகியும் என் மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டல. உத்யான்னா நாளைக்கு, யான்னா வாங்க. நடுவுல என்ன போட்டி? உபாஸான்னு கேட்டேன். "ஹோ, ஹோ"ன்னு ஆமாம் போட்டு போனை வெச்சுடுச்சு.

உபாஸ் எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு சுனந்தாதாயி வாராவாரம் வியாழக்கிழமை இருக்கிற விரதம்தானே.

காலையில அவங்க கதவைத் தட்டி, இன்னிக்கு நானும் உபாஸ்னு சொன்னேன். ஒரு மதராசிப் பொம்பளை நம்ம விரதம் இருக்குறாளேன்னு அவங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உட்கார வெச்சு ஒரு தட்டு ஜவ்வரிசி கிச்சடி குடுத்தாங்க. நெய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலைப் பொடி. கூடவே ஒரு கிண்ணம் சர்க்கரை போட்ட தயிர்.

இதெல்லாம் சாப்பிடலாமான்னு கேட்டேன். உபாஸுக்கு ஜவ்வரிசி தாராளமா ஆகும்னாங்க.

எங்க ஊர்ல வெறும் வயித்தோடதான் ரத்தம் எடுப்பாங்க. புனேக்காரங்க எவ்வளவு நல்லவங்கன்னு நினைச்சேன். லேசா ஒரு சந்தேகம் வரத்தான் செஞ்சுது. ரெண்டாவது கரண்டி விழுந்ததும் போயிடுச்சு.

லேப்புல அந்தப் பொண்ணு உபாஷியான்னு கேட்டுச்சு. கம்பீரமா "ஹோ"ன்னேன். அந்த நேரம் பார்த்து எனக்குத் திடீர்னு உடம்பெல்லாம் கொதிச்சு வேர்த்து ஊத்துச்சு. மெனோபாஸ் தந்த இன்னொரு சீதனம் இது. பாவம் அந்தப் பொண்ணு, பசி மயக்கம்னு நினைச்சு, ரத்தம் எடுத்த கையோட ரெண்டு பிஸ்கட் குடுத்துச்சு. அதையும் விடல.

சாயங்காலம் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்து அவங்க முகம் மாறிடுச்சு. சர்க்கரை ரொம்ப ஏறியிருக்குன்னாங்க.

எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு. எங்கப்பாவுக்கு சர்க்கரையில ரெண்டு கால்விரல் போச்சு. அந்த ஞாபகம் வந்ததும் முறுக்கு, பந்தயம் எல்லாம் மறந்துபோச்சு. வீட்டுக்காரர்கூட சிரிக்காம என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"ஒண்ணுமே இல்ல டாக்டர், உபாஸ்."

"தண்ணி?"

"தண்ணி குடிச்சேன். அப்புறம் கிச்சடி. கொஞ்சம் தயிர்."

பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. மராத்தியில உபாஷி போட்டின்னா வெறும் வயிறாம். போட்டின்னா வயிறாம்! டாக்டரம்மா மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. என்ற வீட்டுக்காரர் என் முந்தானையிலேயே கண்ணைத் துடைச்சுக்கிறார்.

சனிக்கிழமை நிஜப் பட்டினியோட மறுபடி ரத்தம் குடுத்தேன். தைராய்டு சரி. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுட்டு உள்ளேயே நின்னுடுச்சு. இந்த எடை வாய் மட்டும் செஞ்ச வேலை இல்ல, ஹார்மோனும் தசையும் சேர்ந்து செஞ்சதுன்னு டாக்டரம்மா அவர்கிட்டயே சொன்னாங்க. எனக்கு உச்சி குளிர்ந்துச்சு. அடுத்த வரியிலயே தினம் நடக்கணும், டம்பெல் தூக்கணும், ஜவ்வரிசி பக்கம் போகவே கூடாதுன்னுட்டாங்க.

இன்னிக்கு வியாழக்கிழமை. சுனந்தாதாயி ஞாபகமா ஒரு தட்டு கிச்சடியோட வந்துட்டாங்க. கதவைத் திறந்தது என்ற வீட்டுக்காரர். வாங்கிட்டுப் போய் டிவி முன்னாடி உட்கார்ந்துட்டார். நான் டம்பெல்லோட முறைச்சேன்.

"உன்ற தட்டைத்தான அம்மணி பார்க்கக் கூடாது? இது என்ற தட்டு."

பந்தயத்துல ஜெயிச்சது நான், கிச்சடி சாப்பிடுறது அவர்.