முனி முடக்கில் முனகிய லொறி

வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவனுக்குப் பேய்ப் பயம் ஆகாது. எனக்கு அது தாராளமாகவே உண்டு. ஸ்டெல்லாவைப் பெண் கேட்டுப் போன காலத்தில் மட்டும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவளுடைய அப்பா அந்தோனி மாமா பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் வண்டி. அதன் எஞ்சின் பிரேக், புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும். அப்போது பெரிதாக ஒரு முனகல் வரும். கோளாறு என்னவென்றால், பிரேக் சுவிட்சைத் தொடாமலே லொறி ஓரிடத்தில் மட்டும் முனகியது. அந்த இடத்துக்குப் பெயர் முனி முடக்கு.

அந்த வளைவில் ஒரு முனி கல் உண்டு. எல்லா டிரைவர்களும் அதற்கு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் கடப்பார்கள். மாமா வேதக்காரர், அடிக்க மாட்டார். பதிலுக்கு முன்கண்ணாடியோரம் இருக்கும் மாதா படத்தின் கலர் பல்புகளைப் போட்டுக்கொண்டு கடப்பார். அதனால்தான் முனிக்குக் கோபம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு.

"இத சரி பண்ணுங்க. பொறகு கலியாணப் பேச்சப் பேசுவோம்" என்றார் மாமா.

லொறிக்கு அடியில் படுத்தேன், ஏறினேன், ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்பு வயர் மாதா படத்துக்குப் பின்னால் போனது. அங்கே கையை எடுத்துவிட்டேன். பெண் கேட்டு வந்த இடத்தில் அவர்கள் மாதாவைக் கழற்றி வைப்பது மரியாதையா? (நான் விபூதி பூசுகிற ஆள் வேறு.) படத்தைத் துடைத்துவிட்டு, எல்லாம் சரி என்று சொன்னேன்.

பின்னேரம் கொழுந்தோடு இறங்கினோம். மாமா ஓட்ட, நடுவில் ஸ்டெல்லா, கதவோரம் நான். பனி மூட்டத்தில் பாதையே தெரியவில்லை. முடக்கு வரும் முன்பே, பெரிய மனிதன் போல, பிரேக் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இனி எப்படி முனகும் என்று பார்ப்போம் என்றேன்.

முனி கல் பனிக்குள்ளிருந்து மெல்ல வந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. மாமா ஏதோ முணுமுணுத்தபடி பல்பைப் போட்டார். லொறி முனகியது. என் காலடியிலிருந்து, நீளமாக, வலியில் கிடக்கும் ஆள் போல. வண்டி நகர முடியாமல் திணறியது. கழற்றிய வயர் என் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கதவைத் திறந்து குதித்து, தேயிலைக்குள் உருண்டு, ஒரு செருப்போடு ஓடினேன். பின்னால் பனிக்குள் லொறி தெரியவில்லை, முனகல் மட்டும் கேட்டது. சட்டென்று அதுவும் நின்றது. அந்த அமைதி முனகலைவிட மோசம். இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

"முனி போயிட்டாரு, வாங்க" என்று பனிக்குள்ளிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

பல்பைப் போட்டதும் முனகல் வந்ததைக் கவனித்து அவள் செய்தது, பல்பு சுவிட்சை அணைத்தது மட்டும். கிறிஸ்மஸுக்குப் பல்பு மாட்டியபோது வயர் நீளம் போதாமல், மாமா அதை அந்தச் சிவப்பு வயரோடு முறுக்கி விட்டிருந்தார். அது எஞ்சின் பிரேக்கின் வயர். பல்பு எரிந்தால் பிரேக்கும் விழும். முனகக் கேட்டுப் பயந்து அவர் பல்பை அணைக்காமலே கடந்திருக்கிறார். சரிவில் பிரேக் போட்டால் பல்பு தானாக எரிவதையும் கண்டிருக்கிறார். அருள் என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லையாம்.

படத்துக்குப் பின்னால் கைவிட்டு வயரைப் பிரித்தேன். பெண் போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

"குடுக்குறேன். ஆனா கதவோரம் இனி எம் புள்ள உக்காரட்டும்" என்றார் கடைசியில்.

இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. பஸ்ஸோ, ஆட்டோவோ, இன்றுவரை என் இடம் நடுவில்தான். ஏறும்போது சின்னவள்கூட என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.