பிளாசியின் சத்தமில்லாத சைக்கிள்

வாரத்தில் ஆறு நாள் பிளாசி மனைவிக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனக்குச் சொந்தம் என்று அந்த அப்பாவி நம்பிக்கொண்டிருந்தான்.

நம்பினதில் தப்பில்லை. பிளாசி தச்சன். ரம்பம், சுத்தியல், துளை போடுகிற எந்திரம் என்று அவன் தொடுகிற சாமான் எல்லாம் ஊரைக் கூட்டுகிற சாமான். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருக்கிற அந்தச் சுவிஸ் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆணி அடிக்கக் கூடாது. புல் வெட்டும் எந்திரத்தைக் கிளப்பக் கூடாது. காலி பாட்டிலைத் தெருவில் பாட்டில் சேகரிக்கிற தொட்டியில் போட்டால் 'கிளிங்' என்று கேட்குமாம், அதனால் அதுவும் கூடாது. தேவாலய மணி மட்டும் கால் மணிக்கொரு தரம் காதைக் கிழிக்கலாம். அதற்குப் பெயர் அமைதி.

இந்த அமைதிக்குக் காவல் எதிர்வீட்டுப் பார்ப்லா அம்மாள். ஞாயிறு காலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், தெருக்கோடியில் யாராவது தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கிற காது அவளுக்கு. பிளாசிக்கு அவள்மேல் பக்தி. அவள் இருக்கிறவரைக்கும் மெஞ்சா, அதுதான் அவன் சம்சாரம், ஞாயிற்றுக்கிழமையில் அவனை ஒரு வேலையும் ஏவ முடியாது அல்லவா?

அன்றைக்கு அவன் மலைமேல் இருக்கிற குடிலுக்குப் போய்விடுவான். அங்கே சிநேகிதர்கள் மூன்று பேர் காத்திருப்பார்கள். மெல்லிசாகச் சீவின உலர்ந்த மாட்டிறைச்சி, சிவப்பு ஒயின், நாலு கை சேர்ந்தால் ஜாஸ் என்கிற சீட்டாட்டம். எல்லாம் சொர்க்கந்தான். ஆனால் பாழாய்ப்போன முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. நொண்டி நொண்டி அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் பாட்டில் காலியாகி, சீட்டைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு வசந்தகாலக் காலையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவன் பிரகடனம் செய்தான். மின்சார மலைச் சைக்கிள் வாங்கப் போகிறேன். இனிமேல் எல்லா ஞாயிறும் நான் மலைமேல்தான். யாரும் தடுக்க முடியாது.

மெஞ்சா தடுக்கவே இல்லை. அங்கேயே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நானும் ஒரு நாள் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ வந்துட்டா காப்புன்ஸ் யாரு சுருட்டுவா?" என்றான் பிளாசி.

காப்புன்ஸ் என்பது கீரை இலையில் மாவை வைத்துச் சுருட்டி, பாலில் வேகவைக்கிற பதார்த்தம். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அவனுக்கு அது தட்டில் இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் இருந்தது. அது எப்படித் தட்டுக்கு வருகிறது என்று அவன் யோசித்ததே இல்லை. மெஞ்சா இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டு, வாங்கிக்கோய்யா, ஆனா பார்ப்லா வாயில என் பேரு விழக் கூடாது, அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டாள்.

சைக்கிள் வந்தது. கறுப்பு நிறம், குண்டுச் சக்கரம், உயரமான இருக்கை. பிளாசி நல்ல உயரம், அவனுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. முதல் ஞாயிறு ஏறினான், பறந்தான், வயிறு முட்டத் தின்று குடித்து, சீட்டில் ஜெயித்து, சரிவில் உருண்டு வீடு வந்தான். வாசலில் பார்ப்லா நின்றாள்.

மிதிக்காமல் இறக்கத்தில் வரும்போது பின்சக்கரம் 'டிக்டிக்டிக்' என்கிறதாம். வெட்டுக்கிளிக் கூட்டம் வந்ததென்று நினைத்தாளாம். போதாததற்குச் சங்கிலி கம்பியில் அடிக்கிறது, இருக்கை முனகுகிறது. இன்னொரு தரம் கேட்டால் கிராமசபையில் சொல்லிவிடுவேன் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிளாசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சபை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே போச்சு. பழையபடி நொண்ட வேண்டியதுதான்.

"சத்தந்தானே பிரச்சனை?" என்றாள் மெஞ்சா. "உனக்கு எந்தப் பலகை எங்க முனகுதுன்னு தெரியும். ஒரு சைக்கிளை அடக்க முடியாதா?"

மனுஷன் உச்சி குளிர்ந்துபோனான். அன்று முதல் சாயங்காலமானால் பட்டறையில் புருஷனும் பெண்டாட்டியும் சைக்கிளும்தான். பின்சக்கரத்தின் நடுவில் கெட்டியான கிரீஸை அடைத்தான், டிக்டிக் அடங்கியது. சங்கிலி அடிக்கிற கம்பிக்கு ரப்பர் பட்டை சுற்றினான். ஆனால் முனகல் இருக்கிறதே, அது ஆள் உட்கார்ந்தால்தான் வரும். உட்கார்ந்துகொண்டு குனிந்து காதையும் வைக்க முடியாதே. அங்கேதான் மெஞ்சா கைகொடுத்தாள்.

"நான் உட்கார்றேன். நீ காதை வெச்சுக் கேளு."

அவளுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையைத் தாங்குகிற குழாய் நீளமா இருக்கிறதால்தான் முனகுதோ என்று ஓர் ஐயத்தைக் கிளப்பினாள். பிளாசி யோசித்தான். நீளமான உத்தரம் முனகும், குட்டை உத்தரம் முனகாது. தச்சு சாஸ்திரப்படி சரிதான். குழாயை அறுக்காமல் இறக்கிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை அவனுக்கு. எடுத்தான் ரம்பத்தை, அறுத்தான் குழாயை. மெஞ்சா ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் அழகாக ஊன்றியது. சத்தம் இல்லை.

அப்புறம் அந்த ஒடிசலான இருக்கை. தோல் உராய்ந்து கீச்சிடுவதாக அவள் சொல்ல, பஞ்சுமெத்தை மாதிரி அகலமான ஒன்று வந்தது. கைப்பிடி ரொம்ப அகலம், அதனால் ஒயர்கள் இழுபட்டுத் தட்டுகின்றன என்றாள். இரண்டு பக்கமும் அறுத்துக் குறுக்கி, நெஞ்சுப் பக்கமாக இழுத்து வைத்தான். ஒவ்வொரு தரமும் மெஞ்சா மேலே உட்கார்ந்திருந்தாள், பிளாசி கீழே மண்டிபோட்டுக் காதை வைத்துக்கொண்டிருந்தான். தன் சைக்கிளில் தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மண்டையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உதித்ததா? இல்லை. என்னவென்று சொல்ல.

சனிக்கிழமை மதியம் பரீட்சை. பார்ப்லா அம்மாள் வாசல் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், சைக்கிள் கடக்கிற சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் கையைக் கவனிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமே. பிளாசி அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். ஓட்டினது மெஞ்சா.

தெருவில் மேலே போனாள், கீழே வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். பரீட்சைக்கு அவ்வளவு தேவையில்லை, இருந்தாலும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பார்ப்லாவின் கை மடியை விட்டு எழும்பவில்லை.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கண்ணைத் திறந்தாள்.

பிளாசி கர்வத்தில் பூரித்துப் போனான். பூனை நடந்தாலும் எனக்குக் கேட்கும், இது கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை தாராளமாக ஓட்டலாம் என்று அவள் வாயாலேயே தீர்ப்பு வந்தது. யார் ஓட்டலாம் என்று அவள் சொல்லவில்லை. அதை இவன் கவனிக்கவில்லை.

மறுநாள் தேவாலய மணிதான் அவனை எழுப்பியது. பக்கத்தில் படுக்கை காலி. முகம் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு, விசிலடித்தபடி பட்டறைக்குப் போனான். பட்டறையும் காலி.

திருட்டுப் போய்விட்டதா? தெருவுக்கு ஓடினான். ஜன்னலில் பார்ப்லா.

"காலைல யாராவது சைக்கிள்ல போனாங்களா? சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"உங்க சைக்கிளா? அது எப்படிக் கேட்கும்?" என்றாள் அவள், உண்மையான ஆச்சரியத்தோடு.

அதற்குள் வீட்டில் தொலைபேசி அடித்தது. மலைக் குடிலிலிருந்து சிநேகிதன் பால்ட்டிஷ். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"பிளாசி, உன் சம்சாரம் இப்படி ஆடுவான்னு ஏண்டா சொல்லவே இல்ல? எங்க மூணு பேரையும் மொட்டையடிச்சுட்டா. உன் நாற்காலியில ராணி மாதிரி உட்கார்ந்திருக்கா. இரு, பேசணுமாம்."

"மெஞ்சா," என்றான் பிளாசி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அது என் சைக்கிள். இது என் ஞாயித்துக்கிழமை."

"ஆமாய்யா. உன் வேலைக்குச் சத்தம் உண்டு, அதனால உனக்கு ஞாயித்துக்கிழமை உண்டு. மாவு பிசையறதுக்கு, சட்டை தேய்க்கறதுக்கு, உருளைக்கிழங்கு உரிக்கறதுக்கு ஏது சத்தம்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடையாது." அவள் குரலில் கோபம் இல்லை. ஒயின் இருந்தது. "கீரை கழுவித் தண்ணியில போட்டிருக்கேன். மாவு வெள்ளைப் பாத்திரத்துல. சாயங்காலம் வந்ததும் எனக்குக் காப்புன்ஸ் தட்டுல இருக்கணும்."

வைத்துவிட்டாள். பிளாசிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எதையாவது போட்டு உடைக்க வேண்டும், குறைந்தபட்சம் ஓர் ஆணியாவது அடிக்க வேண்டும். பட்டறைக்குப் போய்ச் சுத்தியலைத் தூக்கினான். ஜன்னலில் பார்ப்லா ஒரு விரலைத் தூக்கினாள். சுத்தியலைப் பூப்போல வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனான்.

சுருட்டினான். முதல் இலை கிழிந்தது, இரண்டாவது இலையில் மாவு பிதுங்கி வெளியே வந்தது, மூன்றாவது அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை, ஜன்னல் திறந்திருந்தது. இதை வாராவாரம் ஒருத்தி செய்தாளே என்று நடுவில் ஒரு நினைப்பு வந்தது. அதைச் சட்டென்று விரட்டினான்.

சாயங்காலம் மெஞ்சா வந்தாள். வந்தது தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் நிற்கிறாள். கன்னமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. காப்புன்ஸ் சாப்பிட்டாள், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றாள், இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் என் முறை," என்று பிளாசி எழுந்தான். "இப்பவே ஒரு சுத்து போயிட்டு வரேன்."

"போயேன். நானா தடுக்கறேன்?"

காலைத் தூக்கிப் போட்டு, முதல் தடவையாகத் தன் சைக்கிளில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. கைப்பிடி வயிற்றில் இடித்தது. இருக்கையை உயர்த்தலாம் என்று பார்த்தால், உயர்த்தக் குழாய் இல்லை. அறுத்த துண்டு பட்டறை மூலையில் கிடந்து அவனைப் பார்த்தது. போகட்டும் என்று ஒரு மிதி மிதித்தான். அவன் கனத்துக்குப் பஞ்சுமெத்தை அமுங்கி, அத்தனை நாள் வாய் திறக்காத சைக்கிள் 'கிறீ...ச்' என்று ஒரு சத்தம் போட்டது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"பிளாசி," என்றாள் பார்ப்லா அம்மாள், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அதை ஓட்டத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்க."