அன்னம்மாள் திருநாளுக்கு ஒரு கியர்பொக்ஸ்

ஸ்பேனரைப் பிடித்து இரண்டு கைகளாலும் இழுத்தாயிற்று. இஞ்சின் அசையவில்லை. மெக்கானிக் நெய்னார் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த அந்த வேன் இஞ்சினைக் கொஞ்சம் மரியாதையோடே பார்த்தார்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். நிக்கொலஸின் வேனுக்குக் கியர்பொக்ஸ் போய்விட்டது. இஞ்சினையும் சேர்த்து இறக்கி, தன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, நெய்னார் கொழும்புக்குப் போய் ஒரு பழைய கியர்பொக்ஸ் வாங்கி வந்திருந்தார். காலையில் கராஜைத் திறந்தால் இஞ்சின் வாசலிலேயே கிடந்தது. நிக்கொலஸ் அவசரத்தில் ஆள்பிடித்துத் தூக்கிவந்து போட்டிருக்கிறான் என்று நினைத்து அவனுடைய சுறுசுறுப்பை மனதுக்குள் மெச்சிக்கொண்டார். இனிக் கியர்பொக்ஸை இஞ்சினின் பின்பக்கத்தில் பொருத்தி, இரண்டையும் வேனுக்குள் ஏற்றினால் முடிந்தது. கியர்பொக்ஸின் தண்டு கிளச்சின் பற்களுக்குள் இறங்க வேண்டுமானால், முன்னாலிருந்து இஞ்சினை ஒரு மயிரிழை சுற்றிக் கொடுக்க வேண்டும்.

அந்த மயிரிழைதான் வரமாட்டேன் என்றது.

நிக்கொலஸ் பக்கத்தில் குந்தியிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் தலவிலவில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருநாள். அவனுடைய மனைவி ஜூலியானா பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். அவள் எழுந்து நடந்தால், நுரைச்சோலை ஊரில் நடக்கமாட்டாத கிழடுகள் எல்லாரையும் சும்மா ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவன் அன்னம்மாளிடம் நேர்ந்திருந்தான். ஜூலியானா எழுந்து நடந்துவிட்டாள். கிழடுகளும் வெள்ளை உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டார்கள். வேன் மட்டும் இஞ்சின் இல்லாமல் கனமூலை ஊரில், நெய்னாரின் முருங்கை மரத்தடியில் நின்றது.

“கியரில விழுந்து கிடக்கோ நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் நிக்கொலஸ்.

அப்படியும் இருக்கலாம் என்று நெய்னார் கியர்பொக்ஸைப் பின்னால் இழுத்துத் தனியே வைத்தார். மறுபடி ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். இஞ்சின் அசையவில்லை. குற்றவாளி கியர்பொக்ஸ் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

நெய்னார் ஒரு நீளமான தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் வாலில் செருகினார். இரண்டு பேரும் அதில் தொங்கினார்கள். இந்தமுறை அசைவு தெரிந்தது. நிக்கொலஸ் சிலுவை போட்டுக்கொள்வதற்குள், உள்ளே சுற்ற வேண்டியது சுற்றாமல், இஞ்சினே முழுசாகக் கட்டையிலிருந்து புரண்டு, நெய்னாரின் மனைவி பரீனா உடுப்பு ஊறப்போட்டிருந்த பேசினுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது.

பரீனா வாசலுக்கு வந்து பேசினைப் பார்த்தாள்.

“சுத்தணும் என்டுதானே சொன்னீங்க. இந்தா, சுத்திட்டுது.”

நெய்னார் இஞ்சினைத் தூக்கி நிமிர்த்தி, இனிப் புரளக்கூடாது என்று கொட்டகைக் கம்பத்தோடு சங்கிலியால் கட்டினார். இரண்டு பேரும் மறுபடி குழாயில் தொங்கினார்கள். இஞ்சின் புரளவில்லை. கம்பம்தான் மண்ணிலிருந்து மெல்லக் கிளம்பி வந்தது. மேலேயிருந்து இரண்டு தகரங்கள் சரிந்து விழுந்தன. கராஜுக்குள் வெயில் அடித்தது.

தகரம் விழுந்த சத்தத்துக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அனல்மின் நிலையத்தில் இரவு வேலை முடிந்து வந்த நாலைந்து பேர் பஸ்ஸை விட்டிறங்கி, சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாருமே இழுத்தும் பார்த்தார்கள். இழுத்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு யோசனை சொல்லவில்லை.

உள்ளே காற்று அடைபட்டு எதிர்க்கிறது, டீசல் பீச்சும் நொசில்களைக் கழற்றி அதை வெளியே விடுவோம் என்று நெய்னார் தீர்மானித்தார். முதலாவது நொசிலைக் கழற்றியதும் நிக்கொலஸ் குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து சீறிவந்த தண்ணீர் அவனுடைய வாய்க்குள்ளேயே போனது. அவன் துப்பவில்லை. நாக்கைச் சுழற்றி ருசி பார்த்தான்.

“நானா, உப்புக் கரிக்குது.”

நெய்னார் அவனை ஏறஇறங்கப் பார்த்தார். வேனை எங்கேயாவது கடலுக்குள் விட்டாயா என்று கேட்டார். டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களைக் கண்டக்குழிக் கடற்கரைப் பக்கம் ஏற்றிப்போனபோது ஒருநாள் அலை ஓரமாக ஓட்டியது உண்மைதான் என்று நிக்கொலஸ் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். ஆனால், தண்ணீர் டயர்ப் பாதியைத் தாண்டவில்லை என்று அன்னம்மாள் மேல் சத்தியம் செய்தான். அவன் சத்தியம் செய்து முடிக்கவும் இரண்டாவது துளையிலிருந்து ஒரு சின்னச் சிப்பி வந்து விழவும் சரியாக இருந்தது.

நெய்னார் சிப்பியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதையும் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டா இந்த இஞ்சின் இத்தன நாளும் ஓடின?”

“போன கிழமையும் சிலாபம் போய் வந்தன் நானா. ஒரு இருமல்கூட இல்ல.”

அந்தக் கணத்தில் நெய்னாரின் கோபம் போய்விட்டது. மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்து இந்தக் கராஜைப் போட்ட நாளிலிருந்து எத்தனையோ இஞ்சின்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அவர். உப்புத்தண்ணீரையும் சிப்பியையும் சுமந்துகொண்டு சிலாபம் போய்வந்த இஞ்சினை அவர் கண்டதில்லை. இது மெக்கானிக்குக்கு மேற்பட்ட விஷயம் என்று அவருக்குப் பட்டது. இதைச் சும்மா விடக்கூடாது என்றும் பட்டது.

எல்லாத் துளைகளிலும் மண்ணெண்ணெயை நிரப்பி ஊறவிட்டு, மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தார். இஞ்சின் இம்மியும் இளகவில்லை. சூடு காட்டினால் இளகும் என்று அடியில் தேங்காய் உரித்த தென்னம்பொச்சு போட்டுப் பற்றவைத்தார். ஊற்றிய மண்ணெண்ணெய் எல்லாம் அடியில் கசிந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. குப்பென்று இஞ்சின் முழுவதும் தீப்பிடித்து, நெருப்பு முருங்கை மர உயரத்துக்கு எழுந்தது. கூட்டம் ரோட்டுவரைக்கும் பின்வாங்கியது. பரீனா ஒருத்திதான் முன்னால் வந்தாள். பேசினில் மிச்சமிருந்த சவர்க்காரத் தண்ணீரை அப்படியே தூக்கி இஞ்சினின் மேல் ஊற்றிவிட்டு, வெறும் பேசினை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புகைக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எலும்பு முறிவதுபோல, ஒரேயொரு ‘டக்’.

நெய்னார் ஸ்பேனரைப் போட்டுச் சும்மா கையை வைத்தார். இஞ்சின் நகர்ந்தது. நம்பாமல் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கால்வட்டம் வந்தது. பிறகு அரைவட்டம். பிறகு ஒரு பெருமூச்சோடு முழுவட்டம். யாரும் கைதட்டவில்லை. அடக்கம் செய்யும் மையவாடியில் நிற்பதுபோல எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு கியர்பொக்ஸ், சட்டைக்குள் கை போவதுபோல வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. இவ்வளவு பட்ட இஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் வேனில் ஏற்றக்கூடாது என்று நெய்னார் சொன்னார். தரையில் வைத்தே பற்றரி கொடுத்தார்கள், ஒரு போத்தலில் டீசலைத் தொங்கவிட்டார்கள். நிக்கொலஸ் கண்ணை மூடி அன்னம்மாளைக் கூப்பிட்டான். நெய்னார் பிஸ்மி சொல்லி வயர்களை முட்டினார்.

இஞ்சின் முதலில் செங்கல் நிறத்தில் தண்ணீரைக் கக்கியது. அடுத்து ஒரு முழ நீளத்துக்குக் கடற்பாசியைத் துப்பியது. பிறகு கறுப்பாய்ப் புகை விட்டது. அதற்கும் பிறகு, முருங்கை இலைகள் எல்லாம் அதிர, ஓடத் தொடங்கியது.

அனல்மின் நிலையத்து ஆள் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நிக்கொலஸ் எண்ணெயும் சாம்பலுமாகக் கிடந்த மண்ணில் முழந்தாளிட்டு அழுதான். நாளைக்குத் தலவிலவில் இதை எல்லாருக்கும் சொல்லப்போவதாகவும், சிப்பியை அன்னம்மாளின் காலடியில் வைக்கப்போவதாகவும் சொன்னான். நெய்னார் சுபஹானல்லாஹ் என்று முணுமுணுத்தபடி, சூடாய் அதிர்ந்துகொண்டிருந்த அந்த இரும்பின் மேல் கையை வைத்தார். ஒரு குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலத்தான் தொட்டார். வாசலில் பரீனாகூட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

அந்த நேரம்தான், கடலோரக் களப்பில் வள்ளம் விடுகிற யாகப்பு, ஓடுகிற இஞ்சினை ஏறிட்டும் பார்க்காமல், எதையோ தேடிக் களைத்தவராக வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

“நெய்னார் நானா, ரெண்டு வருஷமாக் களப்புக்குள்ள என்ட வள்ளத்துக்கு நங்கூரமாக் கிடந்த பழைய வேன் இஞ்சின, கயிறு கட்ட வளையம் ஒட்டி எடுப்பம் என்டு, நேத்து நீங்க இல்லாத நேரம் இந்த வாசல்லதானே போட்டுட்டுப் போனன்; பின்னால தார்ப்பாய்க்குள்ள கிடக்கிறது என்ட இல்ல, அது விரல வச்சாலே சுத்துது.”